ஒரு கேசட்டின் கடைசி நாலு நிமிஷம்

போன போகிக்கு வீட்டைக் கழிச்சுக் கட்டும்போது பரணிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் பெட்டி இறங்கியது. உள்ளே பழைய உரக் கடை ரசீது, துருப்பிடிச்ச டார்ச் லைட், ஒரு கேசட். சென்னையிலிருந்து வந்திருந்த அண்ணன் மகள் அதை எரிக்கிற குவியலில் போடப் போனாள். மேலே என் கையெழுத்தில் "அண்ணன், குவைத், ஜூலை 90" என்று இருந்தது. ஓடிப்போய் பிடுங்கிக்கிட்டேன். அந்தக் கேசட்டின் கதையைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

அமெரிக்கப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது போன் அடித்தால் ஒரு மெஷின் எடுத்துப் பேசும், சொன்னதைப் பதிவு பண்ணி வைக்கும். எங்கள் பக்கம் அந்த மெஷின் வரவே இல்லை. போனே இல்லாத ஊருக்கு அது எதுக்கு? சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் நடுவில் எங்கள் ஊர். போன் பேசணும் என்றால் சிதம்பரம் போய் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு உட்கார்ந்திருக்கணும். லைன் கிடைத்தாலும் "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்" என்று கத்துவதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் எங்களுக்குக் குரலைக் கொண்டுவந்து சேர்த்தது கேசட்தான்.

1877-இல் எடிசன் குரலைப் பதிவு செய்யும் கருவியைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷமே, அது எதுக்கெல்லாம் உதவும் என்று ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பட்டியலில் கடிதம் எழுதுவது முதலில் வருகிறது. வீட்டுப் பெரியவர்கள் குரலை, சாகப்போகிறவர்களின் கடைசிப் பேச்சைச் சேர்த்து வைப்பதும் அதில் உண்டு. 1898-இல் டென்மார்க்கைச் சேர்ந்த பவுல்சன், காந்த சக்தியால் கம்பியில் குரலைப் பதிவு செய்தார். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஆஸ்திரிய சக்கரவர்த்தி அதில் பேசிய சில வார்த்தைகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. 1963-இல் பிலிப்ஸ் கம்பெனி உள்ளங்கை அளவு கேசட்டைக் கொண்டு வந்தது. அதுக்கப்புறம்தான் எங்களை மாதிரி ஆட்களுக்கும் குரலைப் பிடித்து வைக்கிற வசதி வந்தது.

1970-களில் வளைகுடாவில் எண்ணெய்க் காசு பெருகியது. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒருத்தர் கப்பலோ விமானமோ ஏறினார்கள். லீவில் வரும்போது தோளில் ஒரு டேப் ரெக்கார்டர் தொங்கும். ரேடியோவும் சேர்ந்திருந்தால் டூ இன் ஒன். எங்கள் தெருவில் முதல் செட், அண்ணன் குவைத் போய் இரண்டாம் வருஷம் கொண்டு வந்தது. அதற்கு முன்னால் லால்பேட்டையில் ஒரு பாய் வீட்டுக்குப் போய்த்தான் கேட்போம்.

எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் நான்தான் படிக்கணும், பதிலும் நான்தான் எழுதணும். "உங்க அண்ணன் கிட்ட இதைச் சொல்லு" என்று அம்மா அரை மணி நேரம் சொல்வதை நான் நாலு வரியில் முடித்துவிடுவேன். அண்ணி நிலைமை இன்னும் மோசம். புருஷனிடம் சொல்ல வேண்டியதைக் கொழுந்தனிடம் சொல்லி எழுத வைக்க முடியுமா? கேசட் வந்ததும் அந்தக் கஷ்டம் போனது. ஏ பக்கம் எல்லாருக்கும், பி பக்கம் அண்ணிக்கு. அண்ணி செட்டை எடுத்துக்கிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மலபாரிலும் இதே கதைதான். வளைகுடாவில் இருக்கும் புருஷனுக்கு மனைவி எழுதும் கடிதம் போல எஸ்.ஏ. ஜமீல் பாடிய "துபாய் கத்துப் பாட்டு" அங்கே வீட்டுக்கு வீடு ஒலித்தது.

கேசட்டைத் தபாலில் அனுப்பப் பயம். யாராவது லீவு முடிந்து போகும்போது ஊறுகாய், வத்தலோடு கொடுத்து விடுவோம். பேசுகிற அன்றைக்கு வீடே கூடிவிடும். ஒரு மார்கழியில் அண்ணன் திருவாதிரைக் களி கேட்டிருந்தான். களியை எப்படி அனுப்புவது? நான் செட்டைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் கீழவீதியில் நின்று தேர்ச் சத்தத்தையும் மேளத்தையும் பிடித்து அனுப்பினேன். அப்பா மட்டும் பேசவே மாட்டார். மைக்கைப் பார்த்தால் ஒரு கனைப்பு, "வீராணத்துல தண்ணி இருக்கு" என்பார், எழுந்து கழனிக்குப் போய்விடுவார்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. நாங்கள் பேசி அனுப்பிய அதே கேசட்டில்தான் அண்ணன் பதில் பேசி அனுப்புவான். அதன் மேலேயே நாங்கள் மறுபடி பேசுவோம். புதுக் கேசட்டுக்குக் காசு செலவழிக்க மனசு வராது. கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே பதிவு பண்ண முடியாது. நாங்கள் ஒரு தடவைகூட உடைத்ததில்லை. ஆறு ஏழு வருஷம் பேசியதெல்லாம் எங்கள் கையாலேயே அழிந்து போனது. தேர்ச் சத்தமும் அப்படித்தான் போனது.

1990 ஜூலை கடைசியில் இந்தக் கேசட் வந்தது. பதில் பேச நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்துவிட்டது. ரேடியோவில் சேதி கேட்டு அம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். இந்தியா சுமார் 1,70,000 பேரை விமானத்தில் கொண்டு வந்து சேர்த்தது. அண்ணன் பஸ்ஸில் பாக்தாத் வழியாக ஜோர்டான் போய், அம்மானில் விமானம் ஏறி, மாற்றுத் துணி ஒன்றோடு வந்து இறங்கினான். அப்புறம் அவன் வெளிநாடு போகவில்லை. கேசட்டுக்குப் பதில் பேச வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. அதனால்தான் இது ஒன்று மட்டும் அழியாமல் தப்பித்தது.

பொங்கல் முடிந்ததும் அண்ணன் மகள் எங்கிருந்தோ ஒரு பழைய பிளேயர் வாங்கி வந்தாள். எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம். அண்ணன் இளவயசுக் குரலில் இருபத்தைந்து நிமிஷம் பேசினான். வேலை, சம்பளம், அண்ணிக்குச் சங்கிலி. "அவ்வளவுதாம்மா, வச்சிடறேன்." ஒரு டக் சத்தம். நிறுத்தப் போனாள். நான், "கொஞ்சம் ஓடட்டும்" என்றேன். அண்ணன் முழுப் பக்கமும் பேசவில்லை. அவன் நிறுத்திய இடத்துக்கு அப்பால், அதற்கு முன்னால் நாங்கள் பேசி அனுப்பியதன் வால் அழியாமல் அப்படியே இருந்தது.

அம்மா குரல். "...கண்ணு, வெயில்ல தலையில துண்டு போட்டுக்க. காசு கம்மியா அனுப்பினாலும் பரவால்ல." அப்புறம் மெஷின் ஓடுவதையே மறந்துவிட்டார். மாட்டை அதட்டுகிறார். "டேய், அப்பாவுக்கு மோர் எடுத்துக்கிட்டு மோட்டார் கொட்டாய்க்குப் போடா" என்று என்னைத் திட்டுகிறார். தூரத்தில் அப்பா கனைக்கிறார். மொத்தம் நாலு நிமிஷம். அம்மா போனது 1996-இல். வீட்டில் போட்டோ இரண்டு இருக்கிறது, குரல் இதுதான். அறுபத்தைந்து வயசு அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தி நின்றது. அடுத்த மாதமே வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. இப்போது என் பேரப்பிள்ளைகள் தினமும் பத்து அனுப்புகிறார்கள், போன் மாற்றும்போது எல்லாம் போகிறது. நாங்கள் செய்த அதே தப்பு.

உங்கள் வீட்டுப் பரணிலும் கேசட் இருக்கலாம். முதலில் முதுகில் உள்ள துண்டை உடைத்துவிடுங்கள். பென்சில் விட்டு மெதுவாகச் சுற்றிப் பார்த்து, இறுக்கம் தளர்ந்த பிறகு போடுங்கள். கேட்கும்போதே போனில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். கடைசி வரைக்கும் ஓட விடுங்கள்.