ஒண்ணு மூணு நாலு ரெண்டு

ராசிபுரம்னா எல்லாருக்கும் நெய் ஞாபகம் வரும். புத்தகம் படிக்கிறவங்களுக்கு ஆர்.கே.நாராயண் பேர்ல இருக்கிற முதல் எழுத்து ஞாபகம் வரும். ஆனா எங்க பக்கம் வண்டிக்காரங்க பூமி மக்கா. நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டுவாங்க, திருச்செங்கோட்ல போர் போடுற ரிக் வண்டி. இந்த ஏரியாவுல ஒரு பழைய கார் மெக்கானிக்கிட்ட "அண்ணே, அம்பாசிடர் ஃபயரிங் ஆர்டர் என்ன?"ன்னு கேட்டுப் பாருங்க. ஸ்பேனரை கீழ வைக்காமலே "ஒண்ணு மூணு நாலு ரெண்டு"ம்பார்.

அதென்ன கணக்கு? வரிசையா 1-2-3-4 வெடிச்சா ஆகாதா? ஆகாது. நாலு சிலிண்டர் எஞ்சின்ல 1-ம் 4-ம் சேர்ந்து மேல வரும், அப்போ 2-ம் 3-ம் கீழ இருக்கும். கிராங்க் ஷாஃப்டோட அமைப்பே அப்படி. ஒவ்வொரு அரைச் சுத்துக்கும் ஒரு சிலிண்டர் வெடிக்கணும். 1 வெடிச்சு கீழ இறங்குறப்போ மேல ஏறி வர்றது 2-ம் 3-ம் மட்டும்தான். ஆக அடுத்தது 3-ஆ இருக்கலாம், இல்ல 2-ஆ இருக்கலாம். மொத்தமே ரெண்டு வழிதான்: 1-3-4-2 அல்லது 1-2-4-3. எது என்பதை முடிவு பண்றது வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட்.

ஹென்றி ஃபோர்டு 1908-ல் கொண்டுவந்த மாடல் டி-யில் எடுத்துக்கிட்டது 1-2-4-3. இங்கிலாந்து ஆஸ்டின் கம்பெனி 1947-ல் கொண்டுவந்த ஏ-40 காரோட 1200 சிசி எஞ்சின்ல 1-3-4-2. இந்த ஏ-40 நம்ம ஊருக்கும் வந்துச்சு. 1948-ல் ரகுநந்தன் சரண் ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் அதைத்தான் அசெம்பிள் பண்ணாங்க. 1955-ல் பேர் மாறி அசோக் லேலண்ட் ஆன அதே கம்பெனிதான்.

1952-ல் ஆஸ்டினும் மோரிஸும் ஒண்ணா சேர்ந்தப்போ, அந்த 1200 சிசி எஞ்சினை வளர்த்து பி-சீரிஸ்னு ஒரு குடும்பமே உருவாக்கினாங்க. அதுல 1489 சிசி எஞ்சின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போச்சு. அந்த ஆக்ஸ்ஃபோர்டுதான் 1957-ல் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடரா அவதாரம் எடுத்தது. முதல்ல பழைய சைடு வால்வு எஞ்சின், 1959-ல் இந்த 1489 சிசி. ஆக நம்ம மெக்கானிக் அண்ணன் சொல்ற நம்பர், ஆஸ்டின்காரன் கேம்ஷாஃப்ட்ல செதுக்கி வச்சது. வயரை மாத்தி அதை மாத்த முடியாது.

சரி, மேட்டருக்கு வருவோம். யாரோ எல்லா பிளக் வயரையும் கழட்டிப் போட்டுட்டாங்க, புக்கும் இல்லைன்னு வைங்க. எஞ்சினே சொல்லும். நாலு பிளக்கையும் கழட்டிட்டு, 1-வது ஓட்டையில் கட்டைவிரலை வச்சு, எஞ்சினை கையால மெதுவா சுத்தணும். காத்து விரலைத் தள்ளினா அது கம்ப்ரஷன். புல்லி மார்க் சேர்ற வரைக்கும் கொண்டுவந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தா, ரோட்டார் காட்டுற இடம்தான் 1-வது வயர். இன்னும் அரைச் சுத்து. இப்போ எந்த ஓட்டையில் காத்து தள்ளுதோ அதுதான் அடுத்தது. அவ்ளோதான்.

இதுல ஒரு பொறி இருக்கு. அம்பாசிடர்ல ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுத்தும். அது தெரியாம வலப்பக்கமா 1-3-4-2-ன்னு வயர் மாட்டினா, எஞ்சினுக்குக் கிடைக்கிறது 1-2-4-3. அதாவது ஃபோர்டு கணக்கு! 1-ம் 4-ம் சரியா இருக்கும், 2-ம் 3-ம் மட்டும் இடம் மாறியிருக்கும். ரெண்டு சிலிண்டர்ல வண்டி உதறிக்கிட்டே ஓடும். மத்த ரெண்டுலயும் இன்லெட் வால்வு திறக்கிற நேரத்துல பொறி விழுறதால கார்புரேட்டர் வழியா 'டப்'புனு சத்தம் வரும். உடனே கார்புரேட்டரைக் கழட்டுவாங்க, பெட்ரோல் பம்ப்பை மாத்துவாங்க, காசு கரையும். கோளாறு ரெண்டு வயர்ல! ஓடுற எஞ்சின்ல ஒவ்வொரு வயரா எடுத்துப் பாருங்க. 2, 3 எடுத்தும் சத்தத்துல மாத்தம் இல்லைன்னா, அந்த ரெண்டையும் மாத்தி மாட்டினா போதும்.

நம்ம மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கு ஒரு கொசுறு: சிலிண்டரை பின்னாடி இருந்து எண்ணினாலும் 1-3-4-2 அதே 1-3-4-2 தான் வரும். பேப்பர்ல எழுதிப் பாருங்க :-)

இப்போ வர்ற கார்ல டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது, பொறியைக் கணக்குப் போடுறது கம்ப்யூட்டர். ஆனா உள்ள பெரும்பாலான நாலு சிலிண்டர் எஞ்சின் இன்னமும் 1-3-4-2 தான். அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்னுபோச்சு. நம்பர் அழியாது, கட்டைவிரல் வச்சுக் கண்டுபிடிக்கிற ஆளுங்க தான் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. அவங்க யாரும் இதை எழுதி வச்சதில்லை. உங்க ஊர்ல அப்படி ஒரு பெரியவர் இருந்தா, பக்கத்துல உக்காந்து கேட்டு ஒரு பதிவு போடுங்க மக்கா.