டூ இன் ஒன்

கோடை விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து மகளும் பேரனும் வந்திருந்தார்கள். விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேரும்வரை பேரன் குனிந்த தலை நிமிரவில்லை. கையில் சிலேட்டு மாதிரி ஒரு விளையாட்டுப் பெட்டி. வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு சின்னத் தாங்கியில் செருகி டிவியோடு இணைத்தான். காரில் விட்ட இடத்திலிருந்தே ஆட்டம் டிவியில் தொடர்ந்தது. “நின்டெண்டோ ஸ்விட்ச், தாத்தா” என்றான்.

எனக்கு அந்தக் காலத்து ‘டூ இன் ஒன்’ ஞாபகம் வந்துவிட்டது. ரேடியோ, டேப் ரிக்கார்டர் விற்கும் வேலையில் பல வருஷம் ஓட்டியவன் நான். வீட்டில் கரண்டில் பாடும், வெளியே பேட்டரியில் பாடும். ஆனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “இதை என்ன சாமான்னு சொல்லி விக்கிறது சார்?” என்பதுதான். ரேடியோ என்றால் விலை அதிகம் என்பார்கள். டேப் என்றால் இதைவிடப் பெரிய டேப் இருக்கிறதே என்பார்கள். அதனால் இந்தப் பெட்டியை எப்படி விற்றார்கள் என்று தேடிப் படித்தேன்.

நின்டெண்டோ 1889-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி. பிற்பாடு வீடியோ விளையாட்டுக்கு வந்தது. டிவியில் ஆடுவதற்கு ஒரு வகைப் பெட்டி, கையில் வைத்து ஆடுவதற்கு 1989-இல் வந்த கேம் பாய் போல இன்னொரு வகை என்று இரண்டு கடை நடத்தியது. 2006-இல் வந்த வீ பெட்டி 10 கோடிக்கு மேல் விற்றது.

பிறகுதான் சரிவு. 2012-இல் வந்த வீ யூ சுமார் 1.35 கோடியோடு நின்றுவிட்டது. அதிலும் கையில் பிடிக்கத் திரை இருந்தது. ஆனால் டிவிப் பெட்டியை விட்டுத் தூரம் போனால் வேலை செய்யாது. புதுப் பெட்டியா, பழைய வீயின் உதிரி சாமானா என்றே பலருக்குப் புரியவில்லை. கையடக்க விளையாட்டை ஸ்மார்ட்போன் விழுங்கிக்கொண்டிருந்தது. சக்தியில் சோனியும் மைக்ரோசாஃப்டும் முன்னே போய்விட்டன.

நின்டெண்டோ அந்தப் பந்தயத்தில் ஓடவில்லை. மொபைல் சாதனங்களுக்கான சிப்பை வைத்து, இரண்டு கடையையும் ஒன்றாக்கியது. 2017 மார்ச் 3 அன்று 300 டாலர் விலையில் ஸ்விட்ச் வந்தது. இங்கேதான் விற்பனைக்காரன் மூளையைப் பார்த்தேன். அதைக் கையடக்கப் பெட்டி என்று அவர்கள் சொல்லவில்லை. வெளியே எடுத்துப் போகக்கூடிய வீட்டுப் பெட்டி என்றார்கள். அப்படிச் சொன்னதால் 300 டாலர் விலை உறுத்தவில்லை; கையடக்க 3டிஎஸ்ஸின் வியாபாரமும் உடனே கெடவில்லை. முதல் விளம்பரப் படத்தில் விமானத்திலும் மொட்டை மாடியிலும் பெரியவர்களே ஆடினார்கள். கையடக்கமாக மட்டும் ஆட, 200 டாலருக்கு லைட் என்ற தம்பி 2019-இல்தான் வந்தது. ஸ்விட்ச் விற்பனை 15 கோடியைத் தாண்டிவிட்டது.

இதையெல்லாம்விட என்னை உறுத்தியது ஒன்று. நஷ்டக் காலத்தில் தலைவராக இருந்தவர் சதோரு இவாட்டா. ஆட்குறைப்பு செய்யுங்கள் என்ற பேச்சு 2013-இல் பங்குதாரர் கூட்டத்தில் எழுந்தது. வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவன் உலகம் ரசிக்கும் விளையாட்டை எப்படிச் செய்வான் என்ற பொருளில் பதில் சொல்லி மறுத்தார். 2014-இல் தன் சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாக்கிக்கொண்டார். 2015 ஜூலையில், 55 வயதில் காலமானார். ஸ்விட்ச் விற்பனைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

எங்கள் கம்பெனியில் விற்பனை விழுந்தபோது முதலில் நீட்டியது வி.ஆர்.எஸ். படிவத்தைத்தான். கையெழுத்துப் போட்டவர்களில், எந்த ஊரில் எது விற்கும் என்று விரல்நுனியில் வைத்திருந்த இரண்டு பேர் இருந்தார்கள். அடுத்த வருஷம் புது மாடல் வந்தபோது, அதை என்ன சாமான் என்று சொல்லி விற்பது என்று கேட்க எங்களிடம் ஆள் இல்லை.

பேரன் ஊருக்குப் போய்விட்டான். பரணில் இருந்த என் டூ இன் ஒன்னை இறக்கித் துடைத்தேன். டேப் சுற்றவில்லை, ரேடியோ மட்டும் பாடுகிறது.