வஸிய்யத்தும் இயற்கணிதமும்

பள்ளிக்கூடத்தில் நேரியல் சமன்பாடு பயிலும் நம் பிள்ளைகள், “இது வாழ்க்கையில் எதற்கு உதவும்?” என்று கேட்பதுண்டு. அக்கேள்விக்குரிய விடை, ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் எழுதப்பட்ட ஒரு நூலிலேயே இருக்கிறது.

கலீஃபா மஃமூன் அவர்களின் ஆட்சியில் (கி.பி. 813–833) வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ, ‘அல்ஜப்ர் வல்முகாபலா’ எனும் கணக்கு முறை பற்றி ஒரு நூல் யாத்தார். குறைந்ததைக் கூட்டி நிறைவாக்குவது ஜப்ர். இருபுறமும் உள்ள ஒரே இனத்தைக் கழித்து நேர்செய்வது முகாபலா. சமன்பாட்டுக் கணக்குகள் அவருக்கு முன்பே பாபிலோனிலும், நம் நாட்டில் பிரம்மகுப்தரிடத்தும் (கி.பி. 628) இருந்தன. எனினும் இவர் நூலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. சொத்துப் பங்கீடு, வியாபாரம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்குக்காகவே எழுதுவதாக முன்னுரையில் அவர் கூறுகிறார். நூலின் ஏறத்தாழப் பாதி, வஸிய்யத் பற்றிய கணக்குகளே.

அவற்றுள் ஒன்றைக் காண்போம். ஒருவர் இரண்டு மகன்களை விட்டு இறக்கிறார். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை வாரிசல்லாத ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். மகன்களில் ஒருவன் தந்தைக்குத் தரவேண்டிய கடன் 10 திர்ஹம். அவனிடம் கொடுக்கப் பணமில்லை. அவனுடைய பங்கைக் கடனில் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது? அவன் பங்கு தெரிந்தால்தான் மொத்தச் சொத்து தெரியும். மொத்தச் சொத்து தெரிந்தால்தான் அவன் பங்கு தெரியும். விரல்விட்டு எண்ணுபவர் இந்த இடத்தில் சுற்றிச் சுற்றி வருவார்.

அல்குவாரிஸ்மீ, கடனில் கழியும் தொகைக்கு ‘ஷைஉ’, அதாவது ‘பொருள்’ என்று பெயரிட்டார். மொத்தச் சொத்து, 10-உடன் ஒரு பொருள். மூன்றில் ஒரு பங்கு வஸிய்யத்திற்குப் போக, மீதியை இருவருக்கும் பகிர்ந்தால் ஒவ்வொருவர் பங்கும் 10-இல் மூன்றில் ஒன்றும், பொருளில் மூன்றில் ஒன்றும் ஆகும். கடன்பட்டவனின் பங்கே அந்தப் ‘பொருள்’ ஆகையால் இவ்விரண்டும் சமம். இருபுறமும் பொருளின் மூன்றில் ஒன்றைக் கழித்தால், பொருளின் மூன்றில் இரண்டு, 10-இன் மூன்றில் ஒன்றுக்குச் சமம். ஆகவே பொருள் 5. கையிருப்பான 10-இல் வஸிய்யத் பெற்றவருக்கு 5, மற்ற மகனுக்கு 5. கடன்பட்டவனுக்குக் கடனில் 5 கழியும். பள்ளிப் பாடநூலில் இன்று எக்ஸ் என்று எழுதப்படுவதும் இத்தகைய தெரியாத ‘பொருள்’தான்.

மயிலாப்பூரிலிருந்து அடையாறு செல்லும் ஆட்டோவின் மீட்டரும் இதே இனத்தைச் சார்ந்த கணக்கையே போடுகிறது. 2013ஆம் ஆண்டு அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். பிறகு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். அக்கட்டணப்படி மீட்டர் 85 ரூபாய் காட்டினால், 25 போக எஞ்சிய 60-ஐ 12-ஆல் வகுத்து, 5 கிலோமீட்டர் கூடுதல், மொத்தம் 6.8 கிலோமீட்டர் என்று அறியலாம். (மீட்டர் போட ஓட்டுநரைச் சம்மதிக்க வைக்கும் சமன்பாடு மட்டும் எந்நூலிலும் இல்லை!)

அல்குவாரிஸ்மீயின் நூலை 1145இல் ராபர்ட் என்னும் ஆங்கிலேயர் ஸ்பெயின் நாட்டின் செகோவியாவில் இலத்தீனில் பெயர்த்தார். ஆனால் வஸிய்யத் பகுதியை அவர் பெயர்க்கவில்லை. 1831இல் ஃபிரெட்ரிக் ரோசன் லண்டனில் வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்பில்தான் அப்பகுதியும் இடம்பெற்றது. ஐரோப்பா கணிதத்தை எடுத்துக்கொண்டு, அது எதற்காக எழுந்ததோ அந்தப் பங்கீட்டை விட்டுவிட்டது. நாமோ பங்கீட்டுச் சட்டத்தை வைத்துக்கொண்டு கணிதத்தைக் கைநழுவ விட்டோம் என்பது இவ்வெளியவனின் கருத்து.

நம் சென்னைக்கே இதில் தொடர்புண்டு. லக்னோ ஃபரங்கி மஹலைச் சேர்ந்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்கும் ‘தர்ஸே நிஜாமி’ பாடத்திட்டத்தில் ‘குலாஸத்துல் ஹிஸாப்’ என்ற கணக்கு நூலும் ஓதிக்கொடுக்கப்பட்டது. அதை எழுதியவர் பஹாவுத்தீன் ஆமிலீ (1547–1621). அல்ஜப்ருக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. ஆமிலீ ஷீஆ அறிஞர். எனினும் சுன்னத் வல் ஜமாஅத் மத்ரஸாக்கள் அவருடைய கணக்கை ஒதுக்கவில்லை. முல்லா நிஜாமுத்தீனின் புதல்வர் ‘பஹ்ருல் உலூம்’ அப்துல் அலீ (ரஹ்) அவர்கள், நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து இங்கேயே ஓதிக்கொடுத்தார்கள். 1810இல் மறைந்த அவர்கள் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார்கள். அங்கே ஜும்ஆ தொழுது திரும்பும் நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

இன்று மத்ரஸா மாணவர் ஃபராயிளின் பங்குகளை மனனமாகச் சொல்லுவார்; மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளுக்கு மகனில் பாதி என்பதில் தவறமாட்டார். ஆனால் கடனும் வஸிய்யத்தும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் தடுமாறுகிறார். அத்தா வங்கியில் 12 லட்சம் வைத்துவிட்டு மௌத்தாகிறார். மூத்தவர் கடை வைக்க அவரிடம் வாங்கிய 12 லட்சம் திரும்பவில்லை. மூன்றில் ஒரு பங்கு மத்ரஸாவுக்கு வஸிய்யத். வாரிசுகள் மகன்கள் இருவர் மட்டுமே. ‘கடனையும் சேர்த்து 24 லட்சம்’ என்று தம்பியும், ‘இருப்பது 12 லட்சமே’ என்று அண்ணனும் வாதிட்டால் பேச்சு நின்றுவிடும். அல்குவாரிஸ்மீயின் முறைப்படி மொத்தம் 18 லட்சம்: வங்கிப் பணத்தில் மத்ரஸாவுக்கு 6, தம்பிக்கு 6, அண்ணனின் கடனில் 6 கழியும். மனைவியும் மகள்களும் இருப்பின் கணக்கு நீளுமேயன்றி முறை மாறாது.