ஐந்தாவது ஆள் வந்தால் குற்றம்

ஒரு சின்ன கற்பனையோட ஆரம்பிக்கிறேன். உங்க வீட்டுல சாயங்கால ஜெபத்துக்கு வெளியிலிருந்து நாலு பேர் வந்திருக்காங்க. பிரச்சினை இல்லை. ஐந்தாவதா ஒருத்தர் கதவைத் தட்டுறார். அவர் உள்ளே வந்து உட்கார்ந்தா, அத்தனை பேரும் குற்றவாளிகள்.

1664-இல் இங்கிலாந்தில் வந்த கன்வென்டிகிள் சட்டம் இப்படித்தான் தலைகளை எண்ணியது. இங்கிலாந்து திருச்சபையின் முறைப்படி நடக்காத வழிபாடு என்றால், வீட்டாரைத் தவிர ஐந்து பேர் கூடக் கூடாது.

ஏன் இவ்வளவு பயம்? 1649-இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டியிருந்தார்கள். 1660-இல் அவருடைய மகன் அரியணை ஏறினார். தனியாகக் கூடுகிறவர்கள் ஜெபம்தான் செய்றாங்களா, கலகத்துக்குத் திட்டம் போடுறாங்களா என்ற சந்தேகம் ஆட்சியாளர்களை விடவே இல்லை.

1670-இல் சட்டத்தைப் புதுப்பித்தார்கள். கலந்துகொண்டால் முதல் முறை 5 ஷில்லிங் அபராதம். பிரசங்கம் செய்தவருக்கு 20 பவுண்டு, இடம் கொடுத்தவருக்கும் 20 பவுண்டு. விசாரிக்க ஜூரி வேண்டாம், ஒரு மாஜிஸ்திரேட் போதும். எனக்கு உறுத்துற விஷயம் இதுதான்: அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு, காட்டிக்கொடுத்தவர்களுக்கும் பிடிக்க உதவியவர்களுக்கும். அதாவது, பக்கத்து வீட்டுக்காரரோட ஜெபம் உங்களுக்கு வருமானம்!

அந்த ஆகஸ்ட் மாதம், லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் குவேக்கர்களின் கூடம் பூட்டப்பட்டிருந்தது. 25 வயது வில்லியம் பென் தெருவிலேயே நின்று பேசினார். கைது செய்தார்கள். சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டி அமைதியைக் குலைத்ததாக வழக்கு. இந்தக் குற்றச்சாட்டுக்கு ஜூரி வேணும். அங்கேதான் கணக்கு தப்பிப்போச்சு.

12 பேர் கொண்ட ஜூரி சொன்னது: தெருவில் பேசினார், அவ்வளவுதான். கோபமான நீதிபதிகள் அவர்களைச் சாப்பாடு, தண்ணீர் இல்லாமல் அடைத்துவைத்தார்கள். கடைசியில் ஜூரி குற்றமில்லை என்றே தீர்ப்பளித்தது. உடனே ஜூரிக்கே அபராதம்! எட்வர்ட் புஷெல் கட்ட மறுத்து சிறைக்குப் போனார். அவருடைய வழக்கில்தான் தலைமை நீதிபதி ஜான் வாகன், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்றார்.

1689-இல் சகிப்புச் சட்டம் வந்தது. ஆனால் கத்தோலிக்கர்களுக்கு அதில் இடமில்லை. மற்றவர்களுக்கும் ஒரு நிபந்தனை: வழிபாடு நடக்கும்போது கதவைப் பூட்டக் கூடாது. அனுமதி கிடைச்சிருச்சு, சந்தேகம் மட்டும் போகலை.