வருஷத்துக்கு 20,000 கி.மீ. பைக் ரைடு... ரகசியம் ஆக்ஸிலரேட்டர்ல இல்லை, சைடு ஸ்டாண்டுல இருக்கு!

7,35,000 கிலோமீட்டர். ஒரே ஆள், ஒரே பைக்.

அர்ஜென்டினாவைச் சேர்ந்த எமிலியோ ஸ்காட்டோ, ஹோண்டா கோல்டு விங் பைக்கில் 1985 ஜனவரி 17-ம் தேதி கிளம்பினார். பயணத்தை முடித்தது 1995 ஏப்ரல் 2-ம் தேதி. உலகின் மிக நீண்ட பைக் பயணம் என்று கின்னஸ் இதைப் பதிவு செய்திருக்கிறது. பூமியை நிலநடுக்கோட்டில் 18 முறை சுற்றினால் வரும் தூரம் இது!

'யப்பா, இந்த மனுஷன் பறந்திருப்பாரோ?' என்று தோன்றும். போனில் கால்குலேட்டரை எடுத்து வகுத்துப் பாருங்கள். மொத்தம் 3,727 நாள்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 197 கி.மீ.தான். சென்னையில் கிளம்பினால் உளுந்தூர்பேட்டை பக்கத்தில் அன்றைய ரைடு முடிந்துவிடும்.

இன்னொரு ஜாம்பவான், பிரிட்டனைச் சேர்ந்த டெட் சைமன். 1973-ல் தன் 42-வது வயதில் 500 சிசி டிரையம்ப் பைக்கில் கிளம்பி, நான்கு ஆண்டுகளில் உலகைச் சுற்றி வந்தார். இந்தியா வழியாகவும் வந்தவர். அவர் ஓட்டியது சுமார் ஒரு லட்சம் கி.மீ. நாள் சராசரி 70 கி.மீ.யைத் தாண்டாது.

வருஷா வருஷம் பெரிய தூரம் ஓட்டுபவர்களின் விஷயம் இதுதான். அவர்கள் ஒரே நாளில் வெறித்தனமாக ஓட்டுவதில்லை. நிறுத்தவேண்டிய நேரத்தில் நிறுத்துகிறார்கள். அதனால்தான் அடுத்த நாளும், அடுத்த வருஷமும் ஓட்டுகிறார்கள்.

24 மணி நேரம், 1,610 கி.மீ.

'அப்போ ஒரே நாள்ல ஆயிரக்கணக்குல ஓட்டுறவங்க?' என்று கேட்கலாம். இருக்கிறார்கள். அவர்களுக்கென்றே அமெரிக்காவில் 'அயர்ன் பட் அசோசியேஷன்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. தமிழில் சொன்னால், 'இரும்புப் பின்புறக் கழகம்'! பல மணி நேரம் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பெயரின் அர்த்தம் நன்றாகவே புரியும்.

இவர்கள் தரும் ஆரம்பச் சான்றிதழ் 'சேடில்சோர் 1000'. 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது சுமார் 1,610 கி.மீ. ஓட்ட வேண்டும். அடுத்தது 'பன்பர்னர் 1500'. 36 மணி நேரத்துக்குள் 1,500 மைல். இவர்கள் நடத்தும் 'அயர்ன் பட் ராலி' 1984-ல் ஆரம்பித்தது. 11 நாள்களில் 11,000 மைல் என்பதுதான் அதன் அடையாளம். வாய்வார்த்தைக்கு இங்கே மதிப்பில்லை. ஓடோமீட்டர் ரீடிங், தேதி, நேரம், ஊர் பெயரோடு பெட்ரோல் பில் எல்லாம் கொடுத்தால்தான் சான்றிதழ். இந்தியாவிலும் இந்தச் சான்றிதழ் வாங்கிய ரைடர்கள் இருக்கிறார்கள்.

1,610-ஐ 24-ஆல் வகுத்தால் மணிக்கு 67 கி.மீ. 'இவ்ளோதானா?' என்று நினைக்க வேண்டாம். பெட்ரோல், சாப்பாடு, பாத்ரூம், டிராஃபிக் எல்லாம் சேர்த்து 67 வர வேண்டும். ஒரு நொடிகூட குறையாமல் 80-லேயே போனாலும் ஓட்டுவதற்கு மட்டும் 20 மணி நேரம் ஆகும். மீதி இருப்பது நான்கு மணி நேரம். மாடு, ஸ்பீடு பிரேக்கர், எதிர்த்திசையில் வரும் டிராக்டர் என்று எல்லாம் இருக்கும் நம்ம ஊர் ரோட்டில் அந்த நான்கு மணி நேரமும் கரைந்துவிடும். தூங்க நேரமே இருக்காது. அதனால், பல வருஷ அனுபவமும் நல்ல தயாரிப்பும் இல்லாதவர்கள் தொடவேண்டிய விஷயம் இல்லை இது.

ஆனால், இவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. 500 கி.மீ. தூரத்தை 80-ல் போனால் 6 மணி நேரம் 15 நிமிடம். 100-ல் போனால் 5 மணி நேரம். உயிரைப் பணயம் வைத்து மிச்சப்படுத்தியது 75 நிமிடம். இரண்டு டீக்கடையில் நிறுத்தி, போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் அதே 75 நிமிடம் காலி! அனுபவசாலிகள் வேகத்தைக் கூட்டுவதில்லை. வெட்டியாக நிற்பதைக் குறைத்து, அந்த நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுக்கிறார்கள். அயர்ன் பட் ராலியில்கூட ஓய்வு எடுத்ததற்கு போனஸ் பாயின்ட் உண்டு.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபத்து

நம்ம ஊரில் ரொம்ப சகஜமான பிளான் இது. காலையில் 6 மணிக்கு எழுந்து, ஆபீஸ் முடித்து, வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு கேங்கோடு கிளம்பினால், விடியும்போது மலையடிவாரம். கேட்க சூப்பராக இருக்கும். உடம்பு என்ன சொல்கிறது?

1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் என்றால் 0.10 சதவிகிதம். இந்தியச் சட்டப்படி 0.03 சதவிகிதத்தைத் தாண்டினாலே 'டிரங்க் அண்ட் டிரைவ்' கேஸ்.

இப்போது நம்ம பிளானைப் பாருங்கள். ராத்திரி 11 மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் ஊரைக்கூடத் தாண்டவில்லை. விடிகாலை 6 மணிக்கு 24 மணி நேரம். ஒரு சொட்டு குடிக்கவில்லை, ஆனால் மூளை சட்ட வரம்பைப்போல மூன்று மடங்கு குடித்தவரின் நிலையில் இருக்கிறது. போலீஸ் ஊதச் சொன்னால் மெஷின் ஒன்றும் காட்டாது. அதுதான் பயமே.

அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரம். அப்போது வருவதுதான் 'மைக்ரோ ஸ்லீப்'. கண் திறந்திருந்தாலும் மூளை சில நொடிகள் ஆஃப் ஆகிவிடும். 80 கி.மீ. வேகத்தில் நான்கு நொடிகள் என்றால் 89 மீட்டர். நான்கு கிரிக்கெட் பிட்ச்சுக்கு மேல், ஓட்டுநரே இல்லாமல் பைக் ஓடுகிறது. ரோட்டோரம் லைட் போடாமல் ஒரு லாரி நின்றால் போதும்.

2022-ல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 44 சதவிகிதத்துக்கும் மேல் டூவீலரில் போனவர்கள்.

உடம்பு கொடுக்கும் சிக்னல்

தூக்கம் சொல்லாமல் வராது. திரும்பி முடித்த பிறகும் இண்டிகேட்டர் எரிந்துகொண்டே இருப்பது, எதிரே வண்டி வந்தும் ஹைபீமைக் குறைக்க மறப்பது, காரணமே இல்லாமல் வேகம் ஏறி இறங்குவது, கடைசி அஞ்சு கிலோமீட்டர் ஞாபகமே இல்லாமல் போவது, 'இந்த பங்க்ல போடலாமா, அடுத்ததுல போடலாமா' என்ற சின்ன முடிவுகூட எடுக்க முடியாமல் திணறுவது. இதில் ஏதாவது ஒன்று நடந்தாலும் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

பாட்டைச் சத்தமாக வைப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். ஒரு காபி குடித்துவிட்டு, உடனே 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்ய ஆரம்பிக்கக் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும் என்பதால், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். அதன் பிறகும் அசதி இருந்தால் ரூம் போடுவதுதான் ஒரே வழி. மதியம் ஃபுல் மீல்ஸோ பிரியாணியோ ஒரு கட்டு கட்டிவிட்டு வண்டியை எடுக்காதீர்கள். மதியம் 2 முதல் 4 மணி வரை உடம்பு இயல்பாகவே மந்தமாகும் நேரம்.

20,000 கி.மீ. எப்படி வரும்?

மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை, போக வர 350 கி.மீ. வருஷத்துக்கு 8,400. மூன்று லாங் வீக்கெண்டில் தலா 1,200 சேர்த்தால் 12,000. பாக்கி 8,000-க்கு இரண்டு பெரிய பயணங்கள். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலை 5,846 கி.மீ. ஒரு நாளைக்கு 400 என்று வைத்தால் 15 நாளில் முடியும். ஒருநாள்கூட ராத்திரியில் ஓட்ட வேண்டாம்.

செலவு? லிட்டருக்கு 40 கி.மீ. தரும் பைக், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் பெட்ரோலுக்கு மட்டும் 50,000 ரூபாய். 5,000 கி.மீ.க்கு ஒருமுறை என்றால் நான்கு ஆயில் சேஞ்ச். 500 கி.மீ.க்கு ஒருமுறை செயினைச் சுத்தம் செய்து லூப் அடிக்க வேண்டும், அதாவது வருஷத்துக்கு 40 முறை. டயர் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு அளவுக்கு ரப்பர் தேய்ந்துவிட்டால், 'இந்த ட்ரிப் மட்டும்' என்று இழுக்காமல் மாற்றிவிடுங்கள். செயின் ஸ்பிராக்கெட், பிரேக் பேடுக்கும் வருஷ பட்ஜெட்டில் ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள்.

காது முதல் இன்ஷூரன்ஸ் வரை

ஹைவே வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். நாள் முழுக்க இதைக் கேட்டால் காதுக்கும் கெடுதல், அசதியும் கூடும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபோம் இயர் பிளக் போதும். எதிர்காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது, ஆனால் உடம்பில் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குங்கள், தண்ணீர் குடியுங்கள், நாலு அடி நடங்கள்.

தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் டூவீலருக்குக் கட்டணம் இல்லை. ஆனால், மும்பை - புனே எக்ஸ்பிரஸ்வேயில் பைக்குக்கு அனுமதியே கிடையாது. பெங்களூரு - மைசூரு சாலையின் பிரதானப் பாதையிலும் 2023 ஆகஸ்ட் முதல் தடை. மேப் காட்டுகிறதே என்று ஏறிவிடாமல், கிளம்பும் முன் ரூட்டை ஒருமுறை செக் செய்யுங்கள்.

இன்ஷூரன்ஸில் உரிமையாளர் - ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். இது பைக் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். நண்பனின் பைக்கை எடுத்துக்கொண்டு போனால், அந்த கவர் உங்களுக்குக் கிடைக்காது. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112, தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108. ரத்த வகையையும் வீட்டு நம்பரையும், லாக் ஆகியிருந்தாலும் தெரியும்படி போனில் போட்டுவையுங்கள்.

கிளம்பும் முன் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. 'இத்தனை மணிக்கு மேல் எங்கே இருந்தாலும் நிறுத்திவிடுவேன்' என்று ஒரு நேரத்தை முடிவு செய்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் கேங்கில் யாராவது 'இன்னும் 80 கிலோமீட்டர்தானே மச்சி, போயிடலாம்' என்பார்கள். ரூம் போடுங்கள். அந்த 80 கிலோமீட்டர் எங்கேயும் ஓடிவிடாது. காலையில் டீ குடித்துவிட்டு ஓட்டலாம்.