இரண்டு 1976 சட்டங்களும் ஒரு சீட்டுக்கட்டும்

போசரியில் நம்மவர்களிடம் 'சீட்டு' என்று சொன்னால் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று மாதாமாதம் கட்டி ஏலத்தில் எடுப்பது. இன்னொன்று குலுக்கிப் போட்டு ஆடுவது. முதல் சீட்டை எடுத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள், தங்கச்சி கல்யாணத்தை முடித்தவர்கள் இங்கே நிறையப் பேர். நான் எழுத வந்தது இரண்டாவது சீட்டைப் பற்றி. கொஞ்சம் சட்ட வரலாறு, கொஞ்சம் கணக்கு. தலைவலி வராது, பயப்படாதீர்கள் :-)

எழுதக் காரணம் ஒரு வாக்கியம். எம்.ஐ.டி.சி. பக்கம் வெள்ளிக்கிழமை சாயந்திரமானால் கோவா பேச்சு கிளம்பிவிடும். ராத்திரி பஸ் ஏறினால் காலையில் பணஜி. மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் கேசினோ. "போக்கர் சூதாட்டம் கிடையாது சார், திறமை விளையாட்டு. சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அப்படித்தான் சொன்னதா என்று தேடப் போனதில் கிடைத்ததுதான் கீழே.

முதலில் ஒரு வேடிக்கை. 1976-ல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. மகாராஷ்டிரம் கேசினோ நடத்த உரிமம் கொடுக்கவும் வரி வாங்கவும் ஒரு சட்டம் போட்டது. அன்று யூனியன் பிரதேசமாக இருந்த கோவா, டாமன், டையூவோ பொது இடத்தில் சூதாடுவதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டது.

நடந்தது தலைகீழ். மகாராஷ்டிரச் சட்டம் ஒருநாள்கூட அமலுக்கு வரவில்லை. 2023 ஆகஸ்டில் மாநில அமைச்சரவை அதை நீக்கவே முடிவு செய்தது. கோவாவின் தடைச் சட்டத்திலோ 1992-ல் ஒரு பிரிவைச் சொருகி, ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் காசு போடும் இயந்திரங்களுக்கு அனுமதி தந்தார்கள். பிறகு கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்கும் வழி திறந்தது. அனுமதிச் சட்டம் போட்ட ஊரில் கேசினோ இல்லை, தடைச் சட்டம் போட்ட ஊரில் கப்பல் கப்பலாக இருக்கிறது!

சரி, சுப்ரீம் கோர்ட்டுக்கு வருவோம்.

வெள்ளைக்காரன் காலத்துப் பொதுச் சூதாட்டச் சட்டம் 1867-ல் வந்தது. பம்பாய் மாகாணத்துக்கு 1887-ல் தனிச் சட்டம். இரண்டிலும் ஒரு சின்ன வாசல் திறந்திருந்தது: திறமையால் மட்டுமே ஆடப்படும் ஆட்டத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. அந்த வாசல் வழியாகத்தான் அதற்குப் பிறகு எல்லாரும் நுழையப் பார்த்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த முதல் பெரிய வழக்கு, குறுக்கெழுத்துப் பரிசுப் போட்டி நடத்திய சமர்பாக்வாலா வழக்கு. 1957 ஏப்ரலில் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் ரிக் வேதத்து சூதாடியின் புலம்பலில் தொடங்கி மகாபாரதம் வரை எடுத்துக்காட்டி, சூதாட்டம் ஒரு வியாபாரமே அல்ல, அதற்குத் தொழில் செய்யும் அடிப்படை உரிமையும் கிடையாது என்று தீர்ப்பளித்தார். நம்ம வள்ளுவரும் இதற்கென்று ஓர் அதிகாரமே, 94-ஆவது, ஒதுக்கியிருக்கிறார். அதற்கு முந்தின அதிகாரம் கள்ளுண்ணாமை, பிந்தினது மருந்து. வரிசையைப் பார்த்தாலே விஷயம் புரியும்.

எல்லாரும் மேற்கோள் காட்டும் ரம்மி வழக்கு அடுத்தது. 1963 மே மாதம் செகந்திராபாத்தில் ஒரு பொழுதுபோக்கு கிளப்பில் போலீஸ் நுழைந்து, பணம் வைத்து ரம்மி ஆடியவர்களைப் பிடித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1967 நவம்பரில் முடிந்தது. எழுதியவர் நீதிபதி ஹிதாயத்துல்லா. ரம்மி மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் அல்ல, விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், ஆகவே முக்கியமாக அது திறமை ஆட்டம் என்றார். கிளப்காரர்கள் தப்பித்தார்கள்.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பாதி உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. பந்தயம் வைத்து ஆடும் ரம்மியிலோ வேறு ஆட்டத்திலோ இடத்துக்காரர் லாபம் பார்க்கிறார் என்று நிரூபித்தால் குற்றம் நிற்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதாவது ஆட்டம் எப்படிப்பட்டது என்பதோடு, மேசைக்குச் சொந்தக்காரர் எதில் சம்பாதிக்கிறார் என்பதையும் கோர்ட் பார்த்தது.

தவிர, அந்த வழக்கு ரம்மியைப் பற்றியது, போக்கரைப் பற்றியது அல்ல. போக்கர் விஷயத்தில் இந்தியா ஒரே குரலில் பேசியதே இல்லை. மேற்கு வங்கத்தின் 1957-ஆம் வருடச் சட்டம் பிரிட்ஜ், ரம்மியோடு போக்கரையும் சூதாட்டப் பட்டியலிலிருந்து விலக்கியது. நாகாலாந்து 2016-ல் திறமை ஆட்டம் என்று பட்டியலிட்டது. குஜராத் உயர்நீதிமன்றம் 2017 டிசம்பரில் இல்லை, அது சூதாட்டம்தான் என்றது. சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று சொல்லி, தமிழக ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தின் தடைப் பட்டியலை மட்டும் ரத்து செய்தது. ஒரே சீட்டுக்கட்டு, ஊருக்கு ஊர் வேறு சாதி!

என்னைக் கேட்டால் போக்கரில் திறமை உண்டு. எதிராளி எவ்வளவு கட்டுகிறார், எப்போது கட்டுகிறார் என்று கவனித்து, கையில் ஒன்றுமில்லாமலே அவரை விலகச் செய்யலாம். பல்லாயிரம் கை ஆடினால் நல்ல ஆட்டக்காரர் மேலே வருவார். கேள்வி அதுவல்ல. சனிக்கிழமை மட்டும் ஆடும் நம்ம ஆளுக்கு அந்தத் திறமை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

உடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவரோடு ஒருமுறை போயிருந்தேன். நான் ஆடவில்லை, பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். மதியம் இரண்டு மணிக்கு 20,000 ரூபாயோடு உட்கார்ந்தார். நிதானமான ஆட்டம், பத்துக் கையில் ஏழெட்டைப் பார்த்தவுடன் போட்டுவிடுவார். ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் 46,000 குவிந்திருந்தது. அப்போது வீட்டிலிருந்து போன். "அண்ணே, மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லிடுங்க" என்று செல்லை என் கையில் கொடுத்தார். நான் எடுக்கவில்லை, மணி அடித்து ஓய்ந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தபோது அந்த 46,000-மும் இல்லை, அதற்கு மேல் எடுத்த 30,000-மும் இல்லை. அந்த 30,000, போன மாதம் ஏலத்தில் எடுத்த சீட்டுப் பணம். பஸ்ஸில் திரும்பும்போது சொன்னார்: "நான் தப்பா ஆடலண்ணே." உண்மைதான். அவர் ஆட்டத்தில் பெரிய பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை.

அப்புறம் பணம் எங்கே போனது? இங்கேதான் 1967 தீர்ப்பின் மறந்துபோன பாதி வருகிறது.

போக்கரில் கேசினோ நம்மோடு ஆடுவதில்லை. ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து ஒரு பங்கை டீலர் எடுத்துவிடுவார். இதற்கு ரேக் என்று பெயர். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒன்பது பேர், ஆளுக்கு 10,000, மேசையில் மொத்தம் 90,000. மணிக்கு 25 கை, கைக்குச் சராசரியாக 200 ரூபாய் கழிகிறது என்று வையுங்கள். மணிக்கு 5,000. எட்டு மணி நேரத்தில் 40,000. யார் ஜெயித்தாலும் யார் தோற்றாலும் மேசையில் மிஞ்சுவது 50,000-தான். ஒன்பது பேரும் ஒரே அளவு கெட்டிக்காரர்கள் என்றால், ஒன்பது பேருமே தோற்றவர்கள்! நீங்கள் மற்ற எட்டுப் பேரைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது, அந்தக் கழிவையும் தாண்டி நன்றாக ஆட வேண்டும்.

இது அரசாங்கங்களுக்குத் தெரியாததல்ல. கோவா 2020 பிப்ரவரி 1 முதல் கோவாக்காரர்களே கேசினோவுக்குள் ஆடப் போகக்கூடாது என்று தடுத்தது. சிங்கப்பூர் 2010-ல் கேசினோ திறந்தபோதே தன் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நாளொன்றுக்கு 100 வெள்ளி நுழைவு வரி வைத்தது, 2019-ல் அதை 150 ஆக்கியது. வெளியூர்க்காரனுக்கு வரவேற்பு, வீட்டுப் பிள்ளைக்கு வேலி. இதில் நாம் யார்? போசரியிலிருந்து பஸ் ஏறிப் போகிற நாம் எப்போதும் அந்த வெளியூர்க்காரன்தான் :-(

கப்பலாவது தூரத்தில் நிற்கிறது, செல்போன் சட்டைப்பையிலேயே இருந்தது. ஆன்லைன் ஆட்டத்தில் பணத்தையும் உயிரையும் விட்டவர்கள் செய்தி வந்தபடி இருக்க, தமிழக அரசு கொண்டுவந்த 2021 சட்டத்தை அதே ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து 2022-ல் மறுபடி சட்டம் கொண்டுவந்தார்கள். கடைசியில் 2025 ஆகஸ்ட் 22-ல் ஜனாதிபதி ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்தது. 1867-லிருந்து கேட்டுவந்த கேள்வியையே அது தூக்கிப் போட்டுவிட்டது.

ஏலச்சீட்டிலும் நடத்துகிறவருக்குக் கழிவு உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. 1982-ஆம் வருடச் சட்டம் அதற்கு 5 சதவீதம் என்று வரம்பு கட்டியது, 2019-ல் அது 7 ஆனது. ஆனால் அந்தக் கழிவு மாதம் ஒருமுறை, ஒரே ஒரு தடவை. மிச்சப் பணம் சுற்றி வந்து கட்டியவர்களிடமே சேர்கிறது. கேசினோவில் அதே பணத்தை ஒரு ராத்திரியில் நூறு தடவை, இருநூறு தடவை கழிக்கிறார்கள்.

ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமை யாராவது "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று ஆரம்பித்தால் சண்டைக்குப் போகாதீர்கள். திறமை ஆட்டம்தான் என்று ஒப்புக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மேசைக்காரர் மணிக்கு எவ்வளவு எடுக்கிறார்?" பதில் தெரியாதவர் பஸ் ஏறக்கூடாது. பதில் தெரிந்தவர், பெரும்பாலும், ஏறுவதில்லை.