தேர்தற் பொருளும் தேர்தல் முடிவும்
(1967ஆம் ஆண்டுச் சென்னை மாநிலச் சட்டமன்றத் தேர்தல் பற்றிய ஓர் ஆய்வு)

தோற்றுவாய்

தேர்தல் என்பது ஆள்வோரைத் தெரிந்தெடுக்கும் முறை மட்டுமன்று; ஆண்டோர் செயல்களை மக்கள் சீர்தூக்கிப் பார்க்கும் முறையும் ஆகும். அங்ஙனம் சீர்தூக்கும்போது, கட்சிகள் முன்வைக்கும் கருத்துகளுள் சிலவே அளவுகோலாய் அமைகின்றன. அவற்றை ஈண்டுத் 'தேர்தற் பொருள்' எனக் குறிப்போம்.

1967 பிப்ரவரியில் சென்னை மாநிலத்தில் நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலில், விடுதலைக்குப் பின் தொடர்ந்து ஆண்டுவந்த காங்கிரசு தோற்றது. திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சியேற்றது. இம்மாற்றத்திற்கு இந்தி எதிர்ப்பே காரணம் என்பர் ஒரு சாரார். அரிசித் தட்டுப்பாடே காரணம் என்பர் மற்றொரு சாரார். மலிவு அரிசி என்னும் வாக்குறுதியில் மக்கள் மயங்கினர் என்பாரும் உளர். இக்கூற்றுகளின் பொருத்தத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாக்குகளும் இடங்களும்

1962ஆம் ஆண்டுத் தேர்தலில் மொத்தம் 206 இடங்களுள் காங்கிரசு 139 இடங்களையும், கழகம் 50 இடங்களையும் பெற்றன. 1967இல் மொத்த இடங்கள் 234. அவற்றுள் கழகம் 137 இடங்களையும், காங்கிரசு 51 இடங்களையும் பெற்றன. இடங்களை மட்டும் நோக்குவார்க்கு இது பெரும் புரட்சியாகவே தோன்றும். வாக்குகளை நோக்கின் நிலை வேறு. காங்கிரசு பெற்ற வாக்கு 1962இல் நூற்றுக்கு 46 அளவினது. 1967இல் 41 அளவினது. குறைந்தது ஐந்து விழுக்காடே. கழகம் பெற்றதோ நூற்றுக்கு 41க்குச் சற்றுக் குறைவு. கழகம் 174 தொகுதிகளிலேயே நின்றது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். எனவே, 'எப்பொருள் மக்கள் மனத்தை மாற்றியது?' என்னும் வினாவோடு, 'எப்பொருள் பிரிந்து கிடந்த வாக்குகளை ஒன்று சேர்த்தது?' என்னும் வினாவும் எழுகின்றது.

மொழி

அரசியலமைப்பின்படி 1965 சனவரி 26 முதல் இந்தி நடுவண் அரசின் ஆட்சிமொழியாக வேண்டியிருந்தது. ஆங்கிலம் மேலும் 'தொடரலாம்' என்றே 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் கூறியது. 'தொடர வேண்டும்' என்று கூறவில்லை. ஒரு வினைமுடிபின் வேறுபாடு ஒரு மாநிலத்தையே கொந்தளிக்கச் செய்தது எனலாம். 1965 சனவரி, பிப்ரவரித் திங்களில் மாணவர் கிளர்ச்சி மூண்டது; துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். நடுவண் அமைச்சர் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தனர்.

ஆயினும் கிளர்ச்சிக்கும் தேர்தலுக்கும் இடையே ஈராண்டுகள் சென்றன. மொழிப்பொருள் அவ்விடைக்காலத்தில் அளித்த பெரும்பயன் தொண்டர்களே. கல்லூரிகளினின்று வெளிவந்த இளைஞர் சிற்றூர்தோறும் பரப்புரை செய்தனர். விருதுநகரில் காமராசரை 1,285 வாக்குகளில் வென்ற பெ. சீனிவாசன், மாணவர் தலைவராய் விளங்கியவர் என்பது இதற்குத் தக்க சான்றாகும்.

அரிசி

மழை பொய்த்தமையாலும் விலையேற்றத்தாலும் 1964 முதல் அரிசி கிடைத்தல் அரிதாயிற்று. 1966 சூனில் ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பெற்றது. ஆட்சிமொழிச் சட்டத்தின் நுட்பத்தை அறியாதாரும் உலைப்பானையின் நிலையை அறிவர். இந்நிலையிலேதான் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம். ஒரு படி நிச்சயம்' என்னும் முழக்கம் எழுந்தது.

இம்முழக்கத்தின் அமைப்பு கருதத் தக்கது. விழைவு ஒன்று, உறுதி ஒன்று என இரண்டும் பிரித்து வைக்கப்பெற்றுள்ளன. தூய தமிழைப் போற்றிய இயக்கம், இங்கு இருசொற்களையும் வடமொழியினின்றே கொண்டது. மக்கள் நாவில் வழங்கும் சொல்லே தேர்தலிற் பயன்படும் என்பதை இதனால் உணரலாம்.

கூட்டணி

1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய இராசாசி, 1967இல் தம் சுதந்திரக் கட்சியோடு கழகத்தின் பக்கம் நின்றார். மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியும் முசுலிம் லீகும் அப்பக்கமே நின்றன. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கழகம் 1963இல் கைவிட்டமை இவ்விணைப்பை எளிதாக்கியிருத்தல் வேண்டும். ஒரு பொருளை முன்வைத்தல் போலவே, ஒரு பொருளை விடுத்தலும் தேர்தலில் வலிமை தரும்.

இனி, பொருளியற் கொள்கையில் இருமுனைகளாய் நின்ற சுதந்திரக் கட்சியும் பொதுவுடைமைக் கட்சியும் எவ்வாறு ஒருபக்கம் நிற்க இயன்றது? அரிசித் தட்டுப்பாட்டிற்கு அரசின் கட்டுப்பாடுகளைக் காரணமாக்குதல் முன்னையதன் கொள்கைக்கு இயைந்தது. பதுக்கல்காரரைக் காரணமாக்குதல் பின்னையதன் கொள்கைக்கு இயைந்தது. ஆளுங்கட்சியே பொறுப்பு என்பதில் இரண்டும் ஒன்றுபட இயலும். காரணத்தில் வேறுபடுவாரையும் குற்றச்சாட்டில் ஒன்றுபடுத்தும் பொருளே வலிய தேர்தற் பொருள் ஆகும்.

வாக்குறுதியின் பின்நிலை

1967 மார்ச்சு 6இல் அண்ணா முதலமைச்சரானார். ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பெற்றது. நிதிச்சுமையால் மாநிலம் முழுதும் பரவாது நின்றது. மொழியிலோ, 1968 சனவரி 23இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது, அது நிலைத்தது. மக்கள் வாக்குறுதிக்கு மயங்கியே வாக்களித்தனராயின், அது முற்றும் நிறைவேறாத நிலையில் அடுத்த தேர்தலில் சினந்திருத்தல் வேண்டும். 1971இலோ கழகம் 184 இடங்களை வென்றது. அண்ணாவின் மறைவும் புதிய கூட்டணியும் அத்தேர்தலின் சூழலை மாற்றின என்பது உண்மையே. எனினும், 1967இல் மக்கள் அளித்த வாக்கு வருங்கால விலைக்குச் செய்த ஒப்பந்தமன்று, கடந்த ஆட்சியின்மீது கூறிய தீர்ப்பே என்னும் கருத்திற்கு இது அரண் செய்கின்றது.

முடிபு

மேற்கூறியவற்றால், மொழி தொண்டரைத் தந்தது. அரிசி வாக்காளரைத் தந்தது. கூட்டணி அவ்வாக்குகளை இடங்களாக்கியது என்பது பெறப்படும். ஒரு பொருளையே முழுக் காரணமாக்குவார் வரலாற்றைச் சுருக்குவர். மக்கள் மயங்கினர் என்பாரோ அவர்தம் அறிவைக் குறைத்து மதிப்பிடுவர். தேர்தற் பொருள்களை ஆராய்வார், முழக்கங்களைத் தொகுப்பதோடு அமையாது, அவை யாரிடம் சென்றன, யாரை இணைத்தன, தேர்தலுக்குப்பின் என்னவாயின என்னும் மூன்றனையும் ஒருங்கு நோக்குதல் வேண்டும்.